ஆர்சி விமானம்: கிரவுண்டில் காதில் விழும் சொற்களும் அவற்றின் வேலையும்

"சிஜி பாத்தாச்சா?", "லோ ரேட்ல வை", "டெட் ஸ்டிக்! ஒதுங்கு, ஒதுங்கு!" ஆர்சி விமானம், அதாவது தரையில் நின்று ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் மாடல் விமானம், பறக்கும் கிரவுண்டுக்கு முதல்முறை போகிறவர் காதில் விழுவது இப்படித்தான். சொல்கிறவர் நின்று விளக்க மாட்டார். அவர் கை ஸ்டிக்கில் இருக்கும், கண் வானத்தில் இருக்கும். இந்தச் சொற்களில் பாதி, தெரியாவிட்டால் பேச்சு புரியாமல் போகும் வகை. மீதிப் பாதி, தெரியாவிட்டால் விமானம் பத்து விநாடியில் மண்ணில் கிடக்கும் வகை. இங்கே இரண்டாவது வகைக்குத்தான் அதிக இடம்.

கணக்குப் போட்டுக் காட்ட ஒரு விமானம் வேண்டும். நான்கு சேனல் ஃபோம் டிரெய்னர் ஒன்றை, அதாவது ஓட்டப் பழகுவதற்கென்றே செய்த விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 1,400 மிமீ, இதுதான் விங்ஸ்பான். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை 200 மிமீ, இது கார்டு. பேட்டரியோடு சேர்த்துப் பறக்கும் எடை 1,100 கிராம். இதை ஏயுடபிள்யூ என்பார்கள். எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் வருவது விங் லோடிங். நம் இறக்கை 14 × 2 = 28 சதுர டெசிமீட்டர். 1,100-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 39 கிராம். பழகுகிறவருக்கு இது நல்ல எண். 60, 70 என்று ஏறினால் விமானம் வேகமாக வந்துதான் இறங்கும், புதியவர் கைக்கு அது ஒத்து வராது. விளம்பரப் படத்தைப் பார்த்துப் போர்விமானம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

டிரெய்னரில் இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதனால் பெயர் ஹை விங். இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் அது டைஹெட்ரல். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து, தானாக நிமிரப் பார்க்கும். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் ஏர்ஃபாயில். டிரெய்னர்களில் அடிப்பக்கம் தட்டையான கிளார்க் ஒய் வகைதான் அதிகம். 1922-இல் வர்ஜீனியஸ் கிளார்க் ஆள் ஏறும் விமானங்களுக்காக வரைந்தது. மேசையில் தட்டையாக வைத்து ஒட்ட வசதி என்பதால் மாடல் கட்டுகிறவர்கள் இன்றும் அதை விடவில்லை.

நான்கு சேனல் என்றால் எவை

சேனல் என்பது ரிமோட்டிலிருந்து தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு வேலை. முதல் நான்கு இவை. இறக்கையின் பின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக அசையும் பலகை எய்லரான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், விமானம் உருளும், அதற்குப் பெயர் ரோல். வாலில் படுத்திருக்கும் பலகை எலிவேட்டர். மூக்கை ஏற்றி இறக்கும், அது பிட்ச். வாலில் நிற்கும் பலகை ரடர். மூக்கை இடம் வலமாகத் திருப்பும், அது யா. நான்காவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில். ஐந்தாவதாக, மெதுவாக இறங்க உதவும் இறக்கைப் பலகையான ஃப்ளாப் வரலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் அதைத் தொட வேண்டியதில்லை. மூன்று சேனல் விமானத்தில் எய்லரான் இருக்காது. டைஹெட்ரலை அதிகமாக வைத்து, ரடரை வைத்தே திருப்புவார்கள்.

எந்த ஸ்டிக் எதை அசைக்கும் என்பதுதான் மோட். மோட் 2-வில் இடது ஸ்டிக் த்ராட்டிலும் ரடரும், வலது ஸ்டிக் எலிவேட்டரும் எய்லரானும். மோட் 1-இல் எலிவேட்டர் இடது கைக்குப் போகும், த்ராட்டில் வலது கைக்கு வரும். இந்தியாவில் பெரும்பாலும் மோட் 2. ஜப்பானில் மோட் 1 வழக்கம். எது சிறந்தது என்ற வாதம் வேண்டாம். உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே வாங்குங்கள். விமானம் தடுமாறும்போது ரிமோட்டை அவர் கையில் கொடுக்க முடியாவிட்டால், அவர் பக்கத்தில் நின்று என்ன பயன்?

திசை: எய்லரான் தலைகீழ்

புது விமானம் முதல் பறப்பிலேயே உடைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஓடுபாதையில் ஓடும்போது தெரியாது, ஏனென்றால் அங்கே சக்கரத்தைத் திருப்புவது ரடர் சேனல். மண்ணை விட்டு எழும்பியதும் காற்று லேசாக இடது இறக்கையை அமுக்கும், நீங்கள் வலது எய்லரான் கொடுப்பீர்கள், விமானம் இன்னும் இடதுபக்கம் சாயும். பதறி இன்னும் வலது. அவ்வளவுதான், மல்லாந்து விழும்.

சோதனை இப்படி. விமானத்துக்குப் பின்னால், மூக்கு உங்களைவிட்டு விலகி இருக்கும்படி நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும். எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள்: வலது எய்லரான் மேலே ஏற வேண்டும், இடது இறங்க வேண்டும். ஸ்டிக் சாயும் பக்கத்து எய்லரான் தலைதூக்க வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் வால்பலகை மேலே ஏற வேண்டும். ரடரை வலப்பக்கம் தள்ளினால் அதன் பின் ஓரம் வலப்பக்கம் போக வேண்டும். மூக்குச் சக்கரம் இருந்தால் அதுவும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

தப்பாக இருந்தால் ரிமோட் மெனுவில் ரிவர்ஸ் என்ற இடத்தில் அந்த சேனலைப் புரட்டலாம். ஆனால் ஒரு விஷயம். இரண்டு எய்லரான் சர்வோக்களையும் ஒய் ஒயரில் சேர்த்து ஒரே சேனலில் கொடுத்திருக்கும்போது இரண்டும் ஒன்றாக மேலே ஏறினால், ரிவர்ஸ் உதவாது. புரட்டினால் இரண்டும் ஒன்றாக இறங்கும். ஒரு சர்வோ மற்றதுக்குக் கண்ணாடி பிம்பமாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனி சேனலில் கொடுங்கள். பழுது பார்த்து சர்வோ மாற்றிய பிறகும், வேறு விமானத்தின் செட்டிங்கை ரிமோட்டில் நகல் எடுத்த பிறகும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ரிமோட்டின் சிக்னலை விமானத்துக்குள் வாங்கும் பெட்டி ரிசீவர். சர்வோ என்பது ரிசீவர் சொன்ன கோணத்துக்குத் தன் கையைத் திருப்பி அங்கேயே பிடித்து நிற்கும் சின்ன மோட்டார்ப் பெட்டி. நம் அளவு விமானத்துக்கு 9 கிராம் சர்வோ நான்கு போதும். சர்வோ கையிலிருந்து போகும் கம்பி புஷ்ராட். பலகையில் ஒட்டியிருக்கும் கொம்பு ஹார்ன். கம்பியையும் ஹார்னையும் கோக்கும் கவ்வி கிளெவிஸ். கிளெவிஸ் மேல் ஒரு சிறு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகிவிடுங்கள், அதிர்வில் வாய் திறக்காது. பலகை எவ்வளவு அசைகிறது என்பதற்கு த்ரோ என்று பெயர். குறைக்க வேண்டுமா? கிளெவிஸை ஹார்னின் வெளி ஓட்டைக்கு மாற்றுங்கள், அல்லது சர்வோ கையில் உள் ஓட்டைக்கு. முதல் பறப்புக்கு எய்லரானும் எலிவேட்டரும் மேலும் கீழும் 12 மிமீ, ரடர் 20 மிமீ என்று அளவுகோல் வைத்து அளந்து வைக்கலாம். விமானத்தோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி லொடலொடவென்று ஆடினால் அது ஸ்லாப். அலட்சியம் செய்யாதீர்கள். வேகமாக இறங்கும்போது பலகை படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். அந்த ஃப்ளட்டர் ஓரிரு விநாடியில் கீலையே பிய்த்துவிடும். சத்தம் கேட்டால் உடனே த்ராட்டிலைக் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி, இறக்கிவிட வேண்டும்.

சிஜி

விமானத்தின் முழு எடையும் ஒரு புள்ளியில் நிற்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிதான் சிஜி, எடை மையம். சாதாரண டிரெய்னரில் இது இறக்கையின் முன் ஓரத்திலிருந்து கார்டில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் 200 மிமீ கார்டுக்கு 50 முதல் 60 மிமீ. இறக்கை நுனிப்பக்கம் குறுகிப்போகும் வடிவமாக இருந்தால் வேரிலுள்ள கார்டை எடுக்காமல் சராசரி கார்டை எடுக்க வேண்டும்.

அளப்பது சுலபம். பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம் எல்லாம் மாட்டிப் பறக்கப் போகும் நிலையிலேயே வையுங்கள். இறக்கையின் அடியில், உடலுக்கு இரண்டு பக்கமும், முன் ஓரத்திலிருந்து 55 மிமீ-இல் மார்க்கரால் கோடு போடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளையும் அந்தக் கோட்டில் வைத்துத் தூக்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், 1,100 கிராம் விமானம் அதற்கே ஆடும். மட்டமாக நின்றாலோ மூக்கு ஒரு சொட்டு தாழ்ந்தாலோ சரி. வால் தாழ்ந்தால் பறக்கவே கூடாது.

சரிசெய்ய முதலில் நகர்த்த வேண்டியது பேட்டரி. 180 கிராம் பேட்டரியை 20 மிமீ முன்னே தள்ளினால் சிஜி எவ்வளவு நகரும்? 180 × 20 ÷ 1,100 = 3.3 மிமீ. இது போதாவிட்டால்தான் ஈயம். சிஜி-யிலிருந்து 200 மிமீ தள்ளி, மூக்கில் 20 கிராம் ஒட்டினால் 3.6 மிமீ கிடைக்கும். அதே 20 கிராம் பசையும் டேப்பும் வால் பழுதில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வால் நீளம் மூக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். வாலை ஒட்டும்போது பசையை அள்ளிப் பூசாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மூக்கு கனத்தால் விமானம் மந்தமாக இருக்கும், இறங்கும்போது எலிவேட்டரை நிறைய இழுக்க வேண்டியிருக்கும், ஆனால் வீடு வந்து சேரும். வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு குதிக்கும், விட்டாலும் நிற்காது, கை பழகியவரே திணறுவார். அதனால் சந்தேகம் வந்தால் 25 சதவீதப் பக்கம் சாய்ந்து வையுங்கள்.

பசை பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை தெர்மகோலைக் கரைத்துக் குழி போடும். இபிஓ என்ற ஃபோமை அப்படிக் கரைப்பதில்லை. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் உள்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பேட்டரி மேல் எழுதியிருப்பது

"3எஸ் 2200 எம்ஏஹெச் 25சி" என்று லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் அச்சிட்டிருக்கும். 3எஸ் என்றால் மூன்று செல் வரிசையாக. ஒரு செல் பெயரளவில் 3.7 வோல்ட், மூன்றும் சேர்ந்து 11.1. முழுதாக ஏற்றினால் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. கொள்ளளவு 2,200 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2.2 ஆம்பியர் மணி. சி என்பது எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கலாம் என்ற பெருக்கு: 2.2 × 25 = 55 ஆம்பியர். லேபிளில் உள்ள சி எண்ணை அப்படியே நம்பாமல் பாதியாகக் கொள்வது நல்லது. சார்ஜ் செய்வதற்கும் இதே கணக்கு. 1சி என்றால் 2.2 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம்.

கூடவே தொங்கும் நான்கு ஒயர் வெள்ளை பிளக் பேலன்ஸ் லீட். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்துச் சமப்படுத்துவது இதன் வழியாகத்தான். அதைச் செருகாமல் ஏற்றினால் ஒரு செல் 4.2-ஐத் தாண்டலாம், வீங்கலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மரமேசை, மெத்தை, வெயிலில் நிறுத்திய கார் மூன்றும் கூடாது. வீங்கிய பேட்டரியைக் குத்திக் காற்றை எடுக்க நினைக்கிறவர்களும் உண்டு. ஊசி பட்டால் உள்ளே செல்கள் ஷார்ட் ஆகித் தீப்பற்றும்.

கீழ் எல்லை செல்லுக்கு 3.0 வோல்ட், அதற்குக் கீழே போனால் செல் கெட்டுப்போகும். பறக்கும்போது 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது வழக்கம். 2,200-இல் அது 1,760. எத்தனை நிமிடம் வரும் என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். ரிமோட் டைமரை 5 நிமிடத்துக்கு வைத்துப் பறங்கள், இறக்குங்கள், சார்ஜ் செய்யுங்கள். சார்ஜர் 1,100 திரும்ப ஏற்றியது என்று காட்டினால் நிமிடத்துக்கு 220 செலவு. 1,760 ÷ 220 = 8 நிமிடம். டைமரை 7-இல் வையுங்கள். இறங்குகிற நேரத்தில் யாராவது ஓடுபாதையில் நின்றால் இன்னொரு சுற்று போக அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

மோட்டார், ஈஎஸ்சி, புரொப்பெல்லர்

பிரஷ்லெஸ் மோட்டார் மேல் "1000 கேவி" என்று இருக்கும். சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1,000 சுற்று என்று பொருள், கிலோவோல்ட் அல்ல. 11.1 வோல்ட்டில் 11,100 சுற்று. புரொப்பெல்லர் மாட்டினால் அது குறையும். கேவி அதிகமானால் சக்தி அதிகம் என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் தப்பு. கேவி அதிகமான மோட்டாருக்குச் சின்ன புரொப்பெல்லர், குறைந்த கேவிக்குப் பெரியது என்பதுதான் சரி.

புரொப்பெல்லரில் 10×5 என்றால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 5 அங்குலம். பிட்ச் என்பது மரத்தில் திருகாணி ஏறுவதுபோல ஒரு சுற்றில் கொள்கையளவில் முன்னேறும் தூரம். நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடினால் 40,000 அங்குலம், அதாவது மணிக்கு 61 கிமீ அளவு. நம் டிரெய்னர் இதைத் தாண்டிப் போகாது. விட்டம் கூடினால் இழுவை கூடும், பிட்ச் கூடினால் வேகம் கூடும், எது கூடினாலும் ஆம்பியர் ஏறும். 10×5 இருந்த இடத்தில் 11×7 மாட்டிவிட்டு ஈஎஸ்சி புகைந்தது ஏன் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எழுத்து அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பின்பக்கமாக மாட்டினாலும் சுற்றும், சத்தமும் போடும், இழுவை மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஈஎஸ்சி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று. மோட்டார் முழு த்ராட்டிலில் 20 ஆம்பியர் இழுத்தால் 30 ஆம்பியர் ஈஎஸ்சி போடுங்கள். மோட்டாருக்கு மூன்று ஒயர் போகும். தலைகீழாகச் சுற்றினால் எந்த இரண்டையும் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். அதற்குள்ளேயே பிஇசி என்ற பகுதி இருக்கும். பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தருவது அதுதான். எல்விசி என்றால் பேட்டரி தாழும்போது மோட்டாரை நிறுத்தி, மிச்சத்தை சர்வோக்களுக்கு ஒதுக்கும் ஏற்பாடு. அது வேலை செய்யும் நிலைக்கு விடக்கூடாது என்பதற்குத்தான் டைமர்.

மோட்டார் அச்சு நேராக இல்லாமல் லேசாகக் கீழும் வலமும் பார்ப்பதைக் கண்டால் உடைந்துபோயிற்று என்று நிமிர்த்திவிடாதீர்கள். அது டவுன் த்ரஸ்ட், ரைட் த்ரஸ்ட். இரண்டு மூன்று டிகிரி வேண்டுமென்றே வைத்தது. த்ராட்டில் ஏற்றும்போது மூக்கு மேலேயும் இடப்பக்கமும் இழுப்பதை அது தடுக்கும்.

வேலை செய்யும் மேசையில் பேட்டரி இணைக்கிறீர்கள் என்றால் புரொப்பெல்லர் கழற்றியிருக்க வேண்டும். 10 அங்குல பிளாஸ்டிக் புரொப்பெல்லர் விரலை எலும்புவரை வெட்டும். த்ராட்டில் கட் என்ற சுவிட்ச் ரிமோட்டில் அமைத்துக்கொள்ளுங்கள். அது போட்டிருந்தால் ஸ்டிக் தவறுதலாகத் தட்டினாலும் மோட்டார் ஓடாது.

ரேடியோ மெனுவில் வரும் சொற்கள்

இப்போது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான். ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளச் செய்வது பைண்ட். ஒருமுறை செய்தால் போதும். எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு விமானத்தில் பேட்டரி; அணைக்கும்போது விமானம் முதலில், ரிமோட் கடைசியில்.

ஃபெயில்சேஃப் என்பது சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு. த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். சோதிக்க: புரொப்பெல்லரைக் கழற்றி, மோட்டாரை மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலில் ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த விமானம் ஒருநாள் மோட்டார் ஓட ஓட யார் வீட்டு மாடியிலோ போய் விழும். ரேஞ்ச் செக் வேறு: ரிமோட்டின் சக்தியைக் குறைக்கும் முறையில் வைத்து, சுமார் 30 தப்படி நடந்து போய், பலகைகள் தடங்கலில்லாமல் அசைகின்றனவா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்வது.

டிரிம் என்பது ஸ்டிக்கை விட்டால் விமானம் நேராகப் போகும்படி நடுநிலையைச் சிறிது நகர்த்தும் பொத்தான். பாதி த்ராட்டிலில், காற்றில்லாத நேரத்தில் டிரிம் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு கிளிக் தாண்டினால், இறக்கிய பிறகு புஷ்ராட் நீளத்தை மாற்றி டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சப் டிரிம் பறக்கும்போது தொடுவதற்கல்ல, சர்வோ கையை மேசையில் 90 டிகிரிக்கு நிறுத்துவதற்கு.

டூயல் ரேட் ஒரு சுவிட்சில் த்ரோவைக் கூட்டிக் குறைப்பது. லோ ரேட் என்றால் 70 சதவீதம் என வைக்கலாம். எக்ஸ்போ முழு த்ரோவைக் குறைக்காது, ஸ்டிக்கின் நடுப்பகுதியை மட்டும் மென்மையாக்கும். புதியவருக்கு 30 சதவீதம் நன்றாக இருக்கும். இங்கே ஒரு பொறி: ஸ்பெக்ட்ரம் ரிமோட்டில் மென்மையாக்க பிளஸ் 30, ஃபுடாபாவில் மைனஸ் 30. நண்பர் சொன்ன எண்ணைக் குறியைக் கவனிக்காமல் போட்டால் நடுப்பகுதி இன்னும் முரட்டுத்தனமாகிவிடும். மெனுவில் வரையும் வளைகோட்டைப் பாருங்கள்; நடுவில் படுத்திருந்தால் மென்மை, நிமிர்ந்திருந்தால் முரடு.

ஸ்டால்

"மெதுவாப் போனா ஸ்டால் ஆகும்" என்று சொல்லித் தருவார்கள். முழுக்கச் சரியில்லை. இறக்கை வரும் காற்றுக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது ஆங்கிள் ஆஃப் அட்டாக். அது ஏறத்தாழ 15 டிகிரி தாண்டினால் மேற்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகும், தூக்கு விழுந்துவிடும். அதுதான் ஸ்டால். மெதுவாகப் போகும்போது உயரம் இழக்காமலிருக்க எலிவேட்டரை இழுத்துக்கொண்டே இருப்பீர்கள், கோணம் ஏறும். அதனால்தான் மெதுவோடு அது சேர்ந்து வருகிறது. வேகமாகப் போகும்போதும் வெடுக்கென்று இழுத்தால் ஸ்டால் ஆகும். திருப்பத்தில் இன்னும் சீக்கிரம்: 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தூக்க வேண்டும், ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறிவிடும். இறங்க வரும் கடைசித் திருப்பத்தில், தாழ்வாக, மெதுவாக, "ஐயோ ரன்வேயைத் தாண்டிட்டேனே" என்று இழுத்துத் திருப்பும் அந்த நொடிதான் அபாயம்.

ஒரு இறக்கை நுனி மட்டும் முதலில் ஸ்டால் ஆனால் டிப் ஸ்டால். விமானம் அந்தப் பக்கமாக விழும். அப்போது எய்லரானால் தூக்க முயன்றால் மோசமாகும், ஏனென்றால் கீழிறங்கும் எய்லரான் அந்த நுனியின் கோணத்தை இன்னும் கூட்டும். செய்ய வேண்டியது: எலிவேட்டரை விடுங்கள், த்ராட்டில் கொடுங்கள், ரடரால் நேராக்குங்கள், வேகம் வந்த பிறகு மெல்ல இழுங்கள். இதை 60 மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே பத்துமுறை செய்து பாருங்கள். "மூணு மிஸ்டேக் உயரம்" என்று கிரவுண்டில் சொல்வது இந்த உயரத்தைத்தான்: மூன்று தப்பு செய்து திருத்த இடம் இருக்கும் உயரம்.

காற்று, சுற்று, இறக்கம்

எதிர்காற்றில் ஏற வேண்டும், எதிர்காற்றில் இறங்க வேண்டும். காலை 6 முதல் 8 மணிவரை காற்று அடங்கியிருக்கும். கடலோரத்தில் பிற்பகல் ஆனால் கடல்காற்று கிளம்பிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 1,100 கிராம் ஃபோம் எம்மாத்திரம். அந்த மாதம் சிமுலேட்டரில் பழகலாம்.

ரன்வேயை ஒட்டிய செவ்வகச் சுற்றுக்கு சர்க்கிட் என்று பெயர். காற்றோடு போகும் நீளப்பக்கம் டவுன்விண்ட், அங்கிருந்து திரும்பும் குறுக்குப்பக்கம் பேஸ் லெக், ரன்வேக்கு நேராக வருவது ஃபைனல். டவுன்விண்டில் தரையை ஒப்பிட்டால் விமானம் வேகமாகப் போவதுபோல் தெரியும். அதைப் பார்த்து த்ராட்டிலைக் குறைக்காதீர்கள். காற்றை ஒப்பிட்டால் வேகம் மாறவில்லை.

விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். இது ஓரியண்டேஷன் குழப்பம், எல்லோருக்கும் வரும். ஒரு வழி: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதுபோல. இது எதிரே வரும்போது மட்டும் பொருந்தும்.

ஃபைனலில் உயரத்தை த்ராட்டிலாலும் வேகத்தை எலிவேட்டராலும் பாருங்கள். ரன்வேக்குக் குறைவாக விழும் என்று தெரிந்தால் எலிவேட்டரை இழுக்கக்கூடாது, த்ராட்டில் சிறிது கொடுக்க வேண்டும். தரைக்கு முழங்கால் உயரத்தில் த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்து மூக்கைத் தூக்குவது ஃப்ளேர். குதித்துவிட்டதா? கீழே அமுக்காதீர்கள். த்ராட்டில் கொடுத்து மீண்டும் ஒரு சுற்று போய் வாருங்கள்; அது கோ அரவுண்ட்.

கூவிச் சொல்ல வேண்டியவை

"டேக் ஆஃப்", "லேண்டிங்" இரண்டையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மோட்டார் நின்றுபோனால் "டெட் ஸ்டிக்". அந்த விமானத்தை ஓட்டுகிறவருக்கு இன்னொரு சுற்று கிடையாது, எனவே மற்ற எல்லோரும் வழிவிட வேண்டும். விழுந்த விமானத்தை எடுக்க ஓடுபாதைக்குள் இறங்கினால் "ஆன் த ஃபீல்ட்", வெளியே வந்ததும் "கிளியர்". புது விமானத்தின் முதல் பறப்பு மெய்டன். அதை அனுபவமுள்ளவர் கையில் கொடுத்து டிரிம் செய்யச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டு ரிமோட்டை இணைத்துக் கற்றுத்தரும் முறை பட்டி பாக்ஸ். கற்றுத்தருபவர் சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை கட்டுப்பாடு உங்களிடம், விட்டால் அவரிடம். இங்கே பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும்.

"அண்ணா, வாங்கிக்கங்க."

"எங்கிட்ட."

இரண்டாவது சொல் வராதவரை நீங்கள் கையை எடுக்கக்கூடாது. அவர் வாங்கிவிட்டார் என்று இவரும், இவர் ஓட்டுகிறார் என்று அவரும் நினைத்திருக்க, யாருமே ஓட்டாத விமானம் வேலிக்கு அப்பால் போவது இந்த ஒரு பதிலில் நழுவித்தான்.

எங்கே பறப்பது என்பதற்கும் சொற்கள் உண்டு. இந்தியாவில் டிரோன் விதிகள் 2021 ஆளில்லா விமானங்களுக்கு உரியவை. மாடல் விமானமும் அதில் அடங்கும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பச்சையில் பொதுவாக 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலையத்தை நெருங்க நெருங்க அது குறையும். வெறும் கண்ணால் பார்க்கும் தூரத்துக்குள் ஓட்டுவதற்கு விஎல்ஓஎஸ் என்று பெயர். 1,400 மிமீ இறக்கை 300 மீட்டரைத் தாண்டினால் வருகிறதா போகிறதா என்றே தெரியாது.

வீடு திரும்பியதும் பேட்டரியை அப்படியே பையில் போட்டு வைக்காதீர்கள். அடுத்த நாளே பறக்கப் போவதில்லை என்றால் சார்ஜரில் ஸ்டோரேஜ் முறையில் வைத்து செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்துங்கள். முழு சார்ஜில் இரண்டு மூன்று வாரம் கிடந்த லைப்போதான் அடுத்த மாதம் வீங்கி வரும்.